எண்பத்தி மூணு டெசிபெல்

— இந்தச் சத்தம் அளக்கிற மீட்டரைத் தூக்கிப் போடு பாப்பா. கெட்டுப்போச்சு.

— புதுசுண்ணே அது! எவ்வளவு காட்டுது?

— எண்பத்தி மூணு.

— மூணா? நேத்து இதே மாடிப்படியில நான் பிடிச்சப்ப எண்பதுதானே...

— அதான் சொல்றேன், கெட்டுப்போச்சுன்னு.

— கீழ நம்ம அட்டை வெட்டுற மெஷின் ஒண்ணுதானே ஓடுது?

— ஆ... ஆமா. ஒண்ணுதான். வேற என்ன ஓடப்போகுது?

— உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

— வேர்க்காம? சாயங்காலம் இடத்துச் சொந்தக்காரி மாடி வீட்டம்மா அளக்க வருவாங்க. எண்பத்தஞ்சைத் தாண்டினா பட்டறையைக் காலி பண்ணணும்னு கறாரா சொல்லிட்டாங்க.

— எண்பத்தி மூணுன்னாலும் உள்ளதானே இருக்கோம்.

— அது சரி... ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். இதே மாதிரி இன்னொரு மெஷின் போட்டா?

— நீ ஏன் அதைக் கேக்குற?

— சும்மாதான். நீ ஏன் திடுக்கிடுற?

— யாரு, நானா?... நீயே சொல்லு, எவ்வளவு வரும்?

— எண்பதும் எண்பதும் நூத்தி அறுபது. மாடி வீட்டம்மா கூரையோட பறந்துடுவாங்க.

— அட என் அறிவுக்கொழுந்தே! டெசிபெல்லை அப்படியா கூட்டுவாங்க? அது லாக் கணக்கு.

— லாக் நடத்தின அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்.

— கணக்குப் பாடம்னாலே உனக்குக் காய்ச்சல்தான். சைபரையாவது எண்ணத் தெரியுமில்ல? நூறுல எத்தனை?

— ரெண்டு.

— ஆயிரத்துல?

— மூணு. ஏய், ரொம்பக் கிண்டல் பண்ணாதே.

— அவ்வளவுதாண்ணே லாக். நூறோட லாக் ரெண்டு, ஆயிரத்தோட லாக் மூணு. இப்ப நூறையும் ஆயிரத்தையும் பெருக்கு.

— லட்சம்... அஞ்சு சைபர். அட! ரெண்டும் மூணும் அஞ்சு!

— பாத்தியா? எண்ணைப் பெருக்கினா லாக்கைக் கூட்டணும். டெசிபெல் ஏற்கெனவே லாக். நீ அதைக் கூட்டி, மெஷினை மெஷினால பெருக்கி வெச்சிருக்கே.

— ஐயையோ! அப்ப ரெண்டு மெஷினுக்கு?

— சத்தம் ரெண்டு மடங்கு. சைபர் இல்லாத எண்ணுக்கும் லாக் உண்டு. ரெண்டோட லாக் ஏறக்குறைய புள்ளி மூணு. டெசிபெல்லுக்காகப் பத்தால பெருக்கினா மூணு. அதை எண்பதோட கூட்டு.

— எண்பத்தி மூணு! அப்ப மீட்டர் சரியாத்தான்...

— சரியாத்தான்?

— மீட்டரைக் கொடு, பெட்டியில வைக்கிறேன்.

— அண்ணே. கீழ எத்தனை மெஷின் ஓடுது?

— காலையில நீ பசை வாங்கப் போனப்ப வந்து இறங்குச்சு... திட்டாதே. பிஸ்கட் கம்பெனிக்காரங்களுக்குப் பெட்டி முடிக்கணும்னு ஒத்தை மெஷினோட நீ மல்லுக்கட்டுறதை என்னால பாக்க முடியல பாப்பா.

— போண்ணே... அழ வைக்கிற.

— எதுக்கு அழற? ரெண்டு ஓடினாலும் எண்பத்தி மூணுதான், நீயே சொல்லிட்டே. தப்பிச்சோம்!... என்ன, திடீர்னு முகம் வெளிறிப்போச்சு?

— இரு, இரு. மூணோட லாக்... புள்ளி நாலு ஏழு ஏழு...

— மூணு எதுக்கு? நமக்கு ரெண்டு தாராளம்.

— நடுவுல பேசாதே! பத்தால பெருக்கினா நாலு புள்ளி ஏழு ஏழு... எண்பதோட சேர்த்தா... எண்பத்தி நாலே முக்கால்! அப்பாடா, மயிரிழையில தப்பிச்சோம்! நாலு மெஷின்னா ரெண்டு தடவை ரெட்டிப்பு, மூணும் மூணும் ஆறு, எண்பத்தாறு. சட்டி பானையோட தெருவுலதான் நின்னிருப்போம்.

— ஒண்ணும் புரியல. எதுல தப்பிச்சோம்?

— பட்டறைக் கதவை அகலமாத் திறந்து வை அண்ணே. உன் முதுகுவலியைப் பாக்கச் சகிக்காம நானும் ஒண்ணு வாங்கிட்டேன்... லாரி தெருமுனைக்கு வந்தாச்சு.