வெண்கலத்தில் ஒரு கீறல்

அவ தண்ணி நல்லாக் குடிப்பா, டாக்டரம்மா. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. மேடை ஏறும்போதே கையில வெந்நீர் பிளாஸ்க் இருக்கும். ஐஸ் போட்ட எதையும் தொட மாட்டா. பதினொரு வருஷமா பக்கத்துல இருந்து பார்க்கிறேன், தொண்டை விஷயத்துல அவ்வளவு ஒழுங்கான ஆளை நான் பார்த்ததில்ல.

அதனாலதான் நீங்க குழம்பிட்டீங்க. திரையில அந்தப் படத்தைக் காட்டினீங்களே, குரல்நாண் ஓரத்துல ஒரு அரிசி அளவுக்குச் சிவப்பா ஒரு கட்டி. "இது வருஷக்கணக்கா கத்திப் பாடுறவங்களுக்கு வர்றதாச்சே, இவங்க கத்தவே மாட்டேன்னு எழுதியிருக்காங்களே"ன்னு கேட்டீங்க. காரணம் தெரியாம வியாழக்கிழமை கத்தி வைக்க மாட்டேன், வச்சாலும் ஆறு மாசத்துல திரும்பி வந்து நிக்கும்னு சொன்னீங்க. அவ சிலேட்டுல 'நான் திரும்பப் பாடுவேனா'ன்னு எழுதிக் காட்டினா. நீங்க காதை டெஸ்ட் பண்ணிட்டு வரச் சொல்லி நர்ஸம்மாவோட அனுப்பிட்டீங்க.

காது நல்லா இருக்குன்னுதான் வரும். போன வருஷமே பார்த்தாச்சு, நான்தான் கூட்டிட்டுப் போனேன். அவ திரும்பி வர எப்படியும் இருபது நிமிஷம் ஆகும். அதுக்குள்ள காரணத்தைச் சொல்லிடறேன். ஆபரேஷன் தள்ளிப் போகக் கூடாது பாருங்க.

என் தொழில் சவுண்டு. அவ பாடுற குழுவுலதான் நானும் இருக்கேன். கல்யாண வரவேற்பு, கம்பெனி ஆண்டு விழா, கடை திறப்புன்னு கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். அவ மேடையில நிப்பா, நான் எதிர்ல, ஜனங்களுக்குப் பின்னாடி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற மிக்சர் முன்னால உக்காந்திருப்பேன். இத்தனை வருஷமும் அவ முகத்தை நேருக்கு நேர் பார்த்தபடி வேலை செஞ்சவன் நான் ஒருத்தன்தான்.

முதல் முதலா அவளைக் கேட்டது ஒரு துணிக்கடை மாடியில, ஒத்திகையில. புதுசாப் பாட வந்த பொண்ணு. மூணு நாள் ஜலதோஷம், மூக்கு சிவந்து போய், கையில கைக்குட்டை. "இன்னிக்கு வேண்டாமே சார், தொண்டை சரியில்ல"ன்னு கெஞ்சினா. கீபோர்டுக்காரர் விடல. சரின்னு பாடினா. மேல் ஸ்தாயிக்குப் போனப்போ குரல் ரெண்டாப் பிளந்துச்சு. அடியில ஒரு கரகரப்பு, மேல நூல் மாதிரி வெறும் காத்து. அவ "ஐயோ, மன்னிச்சுக்கோங்க"ன்னு முகத்தை மூடிக்கிட்டா. மத்தவங்க சிரிச்சாங்க. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. நல்லவேளை, பதிவு பண்ணி வச்சிருந்தேன். நாற்பது விநாடி. இன்னிக்கும் என் போன்ல இருக்கு.

அந்தக் குரலைத்தான் நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். ஜலதோஷம் நாலு நாள்ல போயிடுச்சு. கல்யாணம் அப்படிப் போயிடுமா?

சளி போனதுக்கப்புறம் அவ நிஜக் குரல் வெளிய வந்துச்சு. பளிச்சுன்னு, கணீர்னு. குழுவுல எல்லாரும் அவளுக்கு வெண்கலம்னு பேர் வச்சுட்டாங்க. "வெண்கலம் வந்தாச்சா, வெண்கலத்துக்கு நாற்காலி போடு"ன்னுதான் பேச்சு. எனக்கு அந்தப் பேரே பிடிக்காது. பாத்திரக் கடைக்குப் போனா ஆயிரம் வெண்கலம் கிடைக்கும். கீறல் இருக்கற குரல் எத்தனை பேருக்கு வாய்க்கும், சொல்லுங்க. அது அவகிட்ட இருந்துச்சு. அவளுக்குத்தான் அதோட அருமை தெரியல. ரெண்டு தரம் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். "சீ, தகரத்தைத் தரையில இழுக்கற மாதிரி இருக்கு, அழிச்சுடுங்க"ன்னு சிரிச்சா.

நான் கோவப்படல. வீட்டுல குரலை உயர்த்திப் பேசினவனே இல்ல நான். வேணும்னா அவளையே கேட்டுப் பாருங்க, எழுதிக் காட்டுவா.

எட்டு வருஷம் பொறுத்துப் பார்த்தேன். வருஷத்துக்கு ஒரு தரம் ரெண்டு தரம் அவளுக்குச் சளி பிடிக்கும். அந்த நாலஞ்சு நாள்தான் எனக்கு நல்ல நாள். அப்புறம்தான் மானிட்டர் ஞாபகம் வந்துச்சு.

எங்க டிரம்ஸ்காரர் வாசிக்க ஆரம்பிச்சா வெண்கலக் கடையில யானை புகுந்த மாதிரிதான். அந்தச் சத்தத்துல பாடுறவங்களுக்குத் தன் குரல் தனக்கே கேக்காது. அதுக்காக அவங்க காலடியில, முகத்தைப் பார்த்துச் சாய்ச்சு ஒரு ஸ்பீக்கர் வைப்போம். அதுதான் மானிட்டர். ஜனங்க கேக்கற ஸ்பீக்கர் வேற, இது வேற. ரெண்டுக்கும் தனித்தனி குமிழ். ரெண்டும் என் கையில.

தன் குரல் தனக்குக் கேக்கலைன்னா மனுஷங்க தானாச் சத்தத்தைக் கூட்டுவாங்க. கூட்டுறோம்னு அவங்களுக்கே தெரியாது. பஸ் ஸ்டாண்டுல நின்னு போன் பேசறவங்களைப் பாருங்க. வயித்துல இருந்து வர வேண்டிய மூச்சு தொண்டையிலயே முட்டும், கழுத்து நரம்பு புடைக்கும், தாடை இறுகும். அதனாலதான் அவ கத்த மாட்டேன்னு எழுதிக் கொடுத்தா. அவ பொய் சொல்லல.

மூணு வருஷமா, ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு மயிரிழை, அந்தக் குமிழைக் குறைச்சேன். ஒரேயடியாக் குறைச்சா கண்டுபிடிச்சுடுவா. அடி மேல் அடி வச்சா அம்மியும் நகரும்னு சொல்லுவாங்கல்ல, நான் அவ்வளவு பலமா அடிக்கக் கூட இல்ல.

வெளிய ஜனங்களுக்கு அவ குரல் எப்பவும்போல அழகாத்தான் கேட்டுச்சு, அதை நான் பார்த்துக்கிட்டேன். அவ பாட்டுக்கு நடுவுல கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவா, மானிட்டரைக் கூட்டுங்கன்னு அர்த்தம். நான் தலையாட்டிட்டு குமிழ் மேல கையை வைப்பேன். திருப்ப மாட்டேன். அவ புன்னகை பண்ணிட்டுப் பாடுவா. கூட்டியாச்சுன்னு நினைச்சுப்பா பாவம்.

வேன்ல திரும்பி வரும்போது ஒரு நாள் கேட்டா, "ஏங்க, எனக்கு என் குரலே கேக்க மாட்டேங்குது. காதுல ஏதாவது கோளாறா இருக்குமோ?"

"இருக்கலாம்"னு சொன்னேன். மறுநாளே காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். நல்லா இருக்குன்னு சொன்னதும், அப்ப மனசுலதான் ஏதோ பயம்னு அவளே முடிவு பண்ணிக்கிட்டா. அன்னிக்கு முழுக்க என் கையை விடவே இல்ல.

மத்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயம். முதல் தரம் தொண்டை கட்டினப்போ ஒரு கிளினிக்ல தாள் ஒண்ணு கொடுத்தாங்க, குரலைப் பாதுகாக்கறது எப்படின்னு. நான் பத்திரப்படுத்தறேன்னு வாங்கிக்கிட்டேன். பாடறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் குரலைப் பதப்படுத்தணும்னு அதுல இருந்துச்சு. அதுலேருந்து வேனை நான் தாமதமாத்தான் எடுப்பேன், இறங்கினதும் மேடை. சுருதியை உயர்த்திப் பாடாதேன்னு இருந்துச்சு. கீபோர்டுக்காரர்கிட்ட, "அரைக்கட்டை ஏத்துங்கண்ணே, ஜனங்க தூங்கி வழியறாங்க"ன்னேன். அவர் நல்லவர், ஏத்திட்டார். வலிச்சா பாட்டை நிறுத்தணும்னு இருந்துச்சு. நான் தொண்டையை மரத்துப் போக வைக்கற மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், சப்பிக்கிட்டே இருந்தா வலி தெரியாது. தொண்டையைக் கனைக்கக் கூடாதாம், ஒவ்வொரு கனைப்பும் குரல்நாண்ல விழற அறையாம். அவளுக்குக் கனைக்கற பழக்கம் வந்தப்போ நான் ஒண்ணும் சொல்லல.

கிசுகிசுன்னு பேசறது சத்தமாப் பேசறதைவிட மோசம்னும் அதுல எழுதியிருந்துச்சு. அது எனக்கே ஆச்சரியம். தொண்டை கட்டினா அவ, "பேசாம இருந்துடட்டுமா?"ன்னு கேப்பா. "சும்மா எதுக்கு இருக்கணும், ரகசியமாப் பேசேன், தொண்டைக்கு ஓய்வு"ன்னு சொன்னேன். ஒரு மாசம் வீட்டுல என்கிட்ட ரகசியமாவே பேசினா. குழம்பு கொதிக்குதுங்கறதைக் கூட ரகசியமா. அந்த ஒரு மாசம் நாங்க ரொம்ப சந்தோஷமா இருந்தோம்.

எழுதறதை நிறுத்திட்டீங்க. பரவாயில்ல, ஞாபகம் வச்சுக்கற அளவுக்குத்தான் இருக்கு.

போன வருஷம் மழைக்காலத்துல அது வந்துச்சு, டாக்டரம்மா. ஆறு வாரம். அந்த நாற்பது விநாடி எப்படி இருந்துச்சோ அப்படியே. அதே இடத்துல பிளந்து, அதே நூல். ஒரு கல்யாண வரவேற்புல சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க தட்டை வச்சுட்டு நிமிர்ந்து பார்த்தாங்க. டிரம்ஸ்காரர் கூட மெதுவா வாசிச்சார்னா பார்த்துக்கோங்க. நான் மிக்சர்ல உக்காந்து அழுதேன். அவ மட்டும் வேன்ல வந்து, "என் குரல் போயிட்டிருக்குங்க"ன்னு அழுதா. ரெண்டு பேரும் அழுதோம், காரணம்தான் வேற வேற.

அப்பவே நிறுத்தியிருக்கணும். தப்புன்னு ஒண்ணு இருந்தா அதுதான் என் தப்பு. ரொம்பத் தாமதமாத்தான் குமிழை முழுசாக் கூட்டி வச்சேன். தும்பை விட்டுட்டு வாலைப் பிடிச்ச கதைதான், அவ தொண்டைக்கு அதுக்குள்ள முக்கிப் பாடறதே பழக்கமாப் போச்சு. போன மாசம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுல, பாதி வரியில, குரல் டப்புனு நின்னுடுச்சு. வாய் மட்டும் அசையுது. மானிட்டர் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு, என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினா. நானும் பழக்க தோஷத்துல தலையாட்டினேன்.

இப்ப உங்களுக்குக் காரணம் கிடைச்சுடுச்சு. கட்டி திரும்பி வராது, ஏன்னா குமிழ்ல கை வச்சவன் நான், இனிமே வைக்க மாட்டேன். நீங்க என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். நான் அவளை ஒரு தரம் கூட அடிச்சதில்ல, அதட்டினதில்ல. நேத்து சிலேட்டுல என்ன எழுதினா தெரியுமா? 'நீங்க மட்டும் இல்லைன்னா நான் என்ன ஆயிருப்பேன்.' அழிக்க மனசு வரல, போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.

போனை எடுக்கறீங்க. யாரைக் கூப்பிடணுமோ கூப்பிடுங்க, அவளுக்கும் சொல்லுங்க, நான் எங்கயும் ஓடப் போறதில்ல. ஆனா வியாழக்கிழமையை மாத்தாதீங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. நடைபாதையில செருப்புச் சத்தம் கேக்குது, அவதான், அதனால சீக்கிரம் சொல்லிடறேன். அந்தக் கட்டியை மொத்தமா எடுத்துட்டா பழைய வெண்கலம்தானே திரும்பி வரும்? அவ்வளவு நுணுக்கமாக் கத்தி வைக்கறவங்க நீங்க. ஓரத்துல ஒரே ஒரு குருணை அளவுக்கு, அது மட்டும், விட்டு வைக்க முடியுமா?