செயினின் தொங்கல்

பழைய வாட்ச் செயின் நீண்டுவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எஃகு எங்கே நீளும்? கண்ணிகளைக் கோத்திருக்கும் ஊசி போன்ற பின் தேய்கிறது, அது உட்காரும் துளை அகன்றுவிடுகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மயிரிழைதான். இருபது கண்ணி சேர்ந்தால் செயின் செத்த பாம்பு மாதிரித் தொங்கும். இதையெல்லாம் வாட்ச் ரிப்பேர் மாலை வகுப்பில் படித்தேன். என் நோட்டு உங்களிடம்தான் இருக்கிறது. தேதி, மணி, அளவு எல்லாம் அதில் உண்டு. நான் ஞாபகத்தை நம்புகிறவள் இல்லை.

மாமா என் அம்மாவுடைய அண்ணன். அத்தை போய்ச் சேர்ந்த பிறகு அவரைப் பார்த்துக்கொள்ள அந்த இரண்டு அறை வீட்டுக்கு நான் வந்தேன். அவர் கையில் இருந்தது நாற்பது வருடத்து வாட்ச், பெரிய இடத்து ஆட்கள் கட்டுவது. செயினைச் சரிசெய்து தரட்டுமா என்று கேட்டேன்.

"என்னைக் கழுவி, இஸ்திரி போட்டு, மடிச்சுக்கூட வச்சுக்க. வாட்சை மட்டும் விட்டுடு."

"ஒரு வாரம்தான் மாமா."

"உங்க அத்தை மாட்டிவிட்டது, கழுதை. அவளே வந்து கழட்டட்டும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் அவர் விழித்திருக்கும்போது கழற்றுவதில்லை என்று முடிவு செய்தேன்.

தூக்கத்துக்கு டாக்டர் அரை மாத்திரை எழுதியிருந்தார். வகுப்பு நாட்களில் மாலை ஐந்து மணிக்குப் பாலில் ஒரு முழு மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தேன். ஐந்தரைக்கு வாட்சைக் கழற்றினேன், எட்டரைக்குத் திரும்ப மாட்டினேன். ஒரு மாலைக்கு நான்கு கண்ணி. துளையை ஒழுங்காக்கி, அதற்குள் மெல்லிய எஃகுக் குழாய் ஒன்றைச் செருகி, புதுப் பின் போட வேண்டும். அவசரப்பட்டால் கண்ணி கெட்டுவிடும்.

ஐந்தாவது மாலையில் இருபதும் முடிந்தன. வகுப்பு மாஸ்டர் செயினைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார். பலகை மாதிரி நேராக நின்றது.

"ஏம்மா அரைமில்லி, இனி இதுல கை வச்ச, அந்தக் கையை நான் ஒடிச்சுடுவேன்," என்றார். அரை மில்லிமீட்டருக்கும் கவலைப்படுகிறவள் என்பதால் வகுப்பில் எனக்கு அந்தப் பெயர்.

வீட்டுக்கு வந்து மாமாவின் கையில் மாட்டி அளந்தேன். செயினுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே எட்டு மில்லிமீட்டர். தொடங்கிய நாளில் ஐந்துதான் இருந்தது.

மாஸ்டர் நல்லவர். என் மனம் நோகக் கூடாதென்று பொய் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். குழாய்களை எல்லாம் பிடுங்கிவிட்டு, இன்னும் சற்றுத் தடித்த குழாய்களோடு முதலிலிருந்து தொடங்கினேன். ஒரு மாத்திரைக்கு மாமா சீக்கிரம் விழித்துவிட்டார். ஒன்றரை ஆக்கினேன், பிறகு இரண்டு. வகுப்பில்லாத நாட்களிலும் வீட்டு மேசையில் வேலை நடந்தது. அந்த நாட்களிலும் பால் கொடுக்க வேண்டியிருந்தது.

இரவுச் சாப்பாடு முதலில் நின்றது. பிறகு மத்தியானச் சாப்பாடும். எழுப்பி உட்காரவைத்தால் ஸ்பூனைப் பிடித்தபடியே தூங்கினார். ஒரு நாள் மட்டும் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"எனக்கு என்னமோ பண்ணுதுடி. டாக்டரைக் கூப்பிடேன்."

"நாளைக்குப் போலாம் மாமா," என்றேன். அன்று ஏழு கண்ணி பாக்கி இருந்தது. நோட்டில் 'நாளை, டாக்டர்' என்று எழுதியிருக்கிறேன். அதன் பிறகும் பன்னிரண்டு நாள் விடாமல் அதையே எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது தடவை முடித்தபோது இடைவெளி பதினெட்டு. மாமாவின் கையைத் தூக்கினால் வாட்ச் முழங்கைப் பக்கம் வழுக்கியது. அன்று அழுதேன். விரல் நுனியெல்லாம் புண். கண்ணை மூடினால் துளைகள்தான் தெரிந்தன. ஒரு வேலையைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியாதவள் என்று நோட்டில் எழுதினேன். அந்தப் பக்கம் உங்களுக்குத் தேவைப்படாது.

நான்காவது தடவை நடுவில் மாமா இறந்தார். வாட்சைக் கழற்றும்போதே கை சில்லிட்டிருந்தது. மீதி ஒன்பது கண்ணியை முடித்து, துடைத்து, மாட்டிவிட்ட பிறகே டாக்டருக்குச் சொன்னேன். அரைகுறை வேலையை யாருக்கும் காட்டுகிற வழக்கம் எனக்கில்லை.

டாக்டர் போர்வையை விலக்கினார்.

"ரெண்டு மாசம் முன்னாடி பார்த்தேனே. பாதி ஆளைக் காணோமேம்மா," என்றார். மாமாவின் மணிக்கட்டைத் தூக்கி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சுற்றிப் பிடித்தார். விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின.

கொன்றது நான்தானா என்று கேட்கிறீர்கள். ஆம். மாத்திரையைக் கரைத்தது நான், டாக்டரைக் கூப்பிடாதது நான். எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தபோது பல வாரங்களில் முதல்முறையாக என் மனம் லேசானது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குழாய்களில் பிழை இல்லை. முதல் தடவையே நான் சரியாகத்தான் செய்திருக்கிறேன்.