காளைக் கயிறு

அந்தப் பாறையில நிக்காதீங்க பெரியவரே, பாசி வழுக்கும். இப்படி வந்து உக்காருங்க. யாரு என்னைத் தேடச் சொன்னா? பாதிரியாரா? அந்த ஆளுக்கு வேற வேலையில்ல. ஏழு பேரைக் காப்பாத்தின மகராசன்னு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் என்னையே காட்டுவாரு.

ஆமா, உங்க பையனோட படை இங்கதான் இறங்குச்சு. ஆறு வருஷமாச்சு. அண்ணன் பொண்ணுக்கும் சித்தப்பனுக்கும் சிம்மாசனத் தகராறு. சாகறதுக்கு மட்டும் உங்க வீட்டுப் பிள்ளையும் எங்க வீட்டுப் பிள்ளையும். அந்த ரெண்டு பேருல ஒருத்தராவது இந்தப் பிராயா கரையில காலை நனைச்சிருப்பாங்களா? த்தூ.

அன்னைக்குக் காலையில ஒரே மூடுபனி. விலகினா, கடல் முழுக்க அந்தச் சித்தப்பன் மிகேல் ராஜாவோட கப்பல். குண்டா வந்து விழுது. என் தம்பி அமான்சியோ கோட்டைச் சுவருக்குப் பின்னாலதான் நின்னான். இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. சரி, விடுங்க.

மத்தியானம் உங்க ஆளுங்களைப் படகுல கொண்டாந்து இறக்கினாங்க. கூட்டிட்டுப் போக ஒரு படகும் திரும்பி வரல. மேல எங்க துப்பாக்கி, கீழ அலை. பாறை இடுக்குல ஒட்டிக்கிட்டு அம்மா அம்மான்னு கத்தினானுங்க. சண்டை அடங்கினதும் எங்க கேப்டன், கயிறு போட்டுத் தூக்குங்கடான்னாரு.

திருவிழாவுல காளையைக் கட்டித் தெருவுல விடுவோமே, அந்தக் கயிறு. நான்தான் அதுல முதல் பிடி. இருபது வருஷத்துல எந்தக் காளையும் என் கையிலேருந்து கயிறை உருவினதில்ல, ஊர்ல கேட்டுப் பாருங்க. நாலு பேரு சேந்து ஏழு பேரைத் தூக்கிட்டோம். எட்டாவது ஒல்லிப் பையன். நான் ஒருத்தனே போதும், நீங்க போய்த் தண்ணி குடிங்கன்னேன். பாதி ஏறிட்டான். கயிறு ஈரம், வழுக்கிருச்சு. ஊரே அப்படித்தான் சொல்லும்.

என்ன சொன்னீங்க? உங்க பையனுக்கு இடது காது பாதிதான் இருக்குமா? சின்ன வயசுல நாய் கடிச்சதா?

முதல்ல இதைக் குடிங்க. புளிச்ச ஒயின்தான், இருக்கட்டும்.

சிரிச்சான் பெரியவரே. பொழைச்சோம்னு என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சான். என் தம்பி அங்க சாக்குக்கு அடியில கெடக்கான், இவன் சிரிக்கிறான். பாதிக் காதுதான், ஆமா.

அதுக்கப்புறம் நான் காளைக் கயிறைத் தொடல. கை நடுங்குதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். நடுங்கல. அன்னைக்கும் நடுங்கல. கயிறு வழுக்கவும் இல்ல.