நாலாவது தட்டு

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். பாடுவது ஊரி, சேற்றில் கிடக்கும் சின்னச் சங்கு. நாங்கள் யாரையும் திருத்துவதில்லை. மீன் என்றால்தான் விடுதிக்காரர்களுக்குப் பிழைப்பு. துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைத்தால் கேட்கும். பூரணை நிலவு தேவையில்லை. பட்டப்பகலிலும் கேட்கும்.

எங்கள் இசை இறுவட்டின் கடைசி உருப்படி முழுவதும் ஊரியின் சத்தம்தான் என்று உறையில் அச்சடித்திருக்கிறோம். அச்சடித்தது நான். அது முழு உண்மையல்ல. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன், ஐயா. டினோஷா இங்கே பொலிஸில் முறைப்பாடு செய்திருக்காவிட்டாலும் ஒருநாள் வந்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

ஒரு உதவி. பேனையால் மேசையில் தட்டாமலிருந்தால் நல்லது.

எங்கள் குழுவின் பெயர் ஊமைக்காயம். நான் கிற்றார். றமீஸ் பேஸ், ஏறாவூரில் மாபிள் கடை வைத்திருக்கிறான். அன்ரோ ட்றம்ஸ். பாடகர் கிடையாது. சொல் என்பது இசையின் நொண்டிக் கால் என்று நான் பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். பேட்டிகள் மொத்தம் இரண்டு. உண்மை என்னவென்றால், நாங்கள் தொடங்கிய காலத்தில் எந்த மொழியில் எதைப் பாடினாலும் ஏதோவொரு சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கிற்றார்ப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். உள்ளே சொல் எதுவும் இருக்காது. போகவிடுவார்கள். பயத்தில் தொடங்கியதைப் பிறகு நான் தத்துவமாக்கினேன்.

பிறகு பதினாறு வருட இடைவெளி. கலை முரண்பாடு என்று வெளியில் சொன்னேன். றமீஸ் கட்டாருக்குப் போனான், அன்ரோ டினோஷாவைக் கலியாணம் கட்டினான், எனக்கு முதுகு நோவு. அவ்வளவுதான்.

சென்ற வருடம் மறுபடி சேர்ந்தோம். முட்டைத் தட்டுகள் ஒட்டிய என் வீட்டுப் பின்னறையில், முதல் நாளே விதி வைத்தேன்: மனிதக் குரல் வராது. கை உயர்த்தச் சொன்னேன். றமீஸ் உயர்த்தினான். அன்ரோவும் உயர்த்தினான். அவன் சுவர் விசிறியை நிற்பாட்டத்தான் கையை நீட்டினான் என்று றமீஸ் பிறகு சொன்னான். நான் அதை ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் அன்ரோ ஒரு கொப்பித் தாளோடு வந்தான்.

"றோய் அண்ணே, நாலே நாலு வரி. கடைசிப் பாட்டுக்கு மட்டும்."

"ட்றம்ஸ் அடிக்கிறவன் பாடினா மாடு பூசை வைச்ச மாதிரி இருக்கும்" என்றேன்.

"மாடும் ஒருக்கா வைக்கட்டுமே அண்ணே."

றமீஸ் சிரித்தான். "பாடட்டும் மச்சான். என்ட மாபிள் வெட்டுற மெசின விட இவன்ட குரல் நல்லம்."

அன்ரோ சிரிக்கவில்லை. "அப்ப பயத்தில வாயப் பொத்திக்கொண்டு இருந்தம். இப்ப ஆருக்குப் பயம்? எனக்கு நாப்பத்தேழு வயசு. ஒருக்காவாவது வாயத் திறக்கணும்."

தாளை வாங்கிப் படித்தேன். வரிகள் மோசமில்லை. மோசமாக இருந்திருந்தால் நீங்களும் நானும் இன்று சந்தித்திருக்க மாட்டோம்.

இன்னொன்றையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவில் பாட்டைத் தொடக்கிவைப்பது அன்ரோ. இரண்டு குச்சிகளையும் ஒன்றோடொன்று தட்டுவான். நாலு தட்டு. நாலாவது முடிந்ததும் எல்லோரும் உள்ளே வர வேண்டும். ஒருவர் தவறினாலும் நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி நாலு தட்டுவான். வருமட்டும் தட்டுவான். கோபப்பட மாட்டான்.

கல்லடியில் பாலத்து வாகன இரைச்சல். அதனால் பனிச்சங்கேணிக்குப் போனோம். வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொரு மணி. றமீஸ் ஜும்ஆவுக்குப் போக வேண்டுமென்று வரவில்லை. தண்ணீருக்குள் இறக்கும் மைக் ஒன்றை இரவல் வாங்கியிருந்தேன். அன்ரோ மைக்கோடு தோணியில். நான் ரெக்கோடரோடு கரையில், கண்டல் மர நிழலில், காதில் ஹெட்போன். இடையில் அறுபது மீற்றர் வயர். வயரைத் தோணியின் குறுக்குப் பலகையில் கட்டச் சொன்னேன். மிச்சத்தை அவன் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டான். அவனுக்கு நீந்தத் தெரியாது. வாவிக்கரையில் பிறந்த பலருக்குத் தெரியாது. மீன் பாடாததைப் போல அதையும் நாங்கள் வெளியில் சொல்வதில்லை.

ஊரி நன்றாகக் கேட்டது. ஒரு மணி நேரம் பதிந்தேன். அப்போது அன்ரோ தோணியில் எழுந்து நின்று, தன் நாலு வரியைப் பாடத் தொடங்கினான். அது தண்ணீருக்குள்ளும் கேட்டது. வயரை ஒருதரம் இழுத்தால் சத்தம் போடாதே என்று அர்த்தம், முன்பே பேசிவைத்தது. ஒருதரம் இழுத்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இரண்டாவது வரிக்குப் போனான்.

இரண்டு கையாலும் இழுத்தேன்.

தோணியில் நிற்கிறவனை இடுப்பில் பிடித்து இழுத்தால் தோணி கவிழும் என்பது பனிச்சங்கேணியில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு ஐம்பத்தொரு வயது.

அது பைபர் தோணி. கவிழ்ந்தாலும் மிதக்கும், அடியில் கொஞ்சம் காற்று நிற்கும். அன்ரோ அந்தக் காற்றுக்குள் இருந்தான். வயர் அவனை அங்கேயே கட்டிவைத்திருந்தது. ஹெட்போனில் முதலில் நீர்க்குமிழிகள் கேட்டன. பிறகு பைபரில் விரல் முட்டியால் தட்டும் சத்தம். டக், டக், டக், டக். பொறுத்தான். மறுபடி நாலு.

நான் முதலில் செய்தது ஒலி அளவைக் குறைத்தது. ரெக்கோடரில் ஒலி மிஞ்சியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்படியே விட்டால் பதிவு பழுதாகிவிடும்.

கொஞ்சம் தள்ளி ஒருவர் வலை போட்டுக்கொண்டிருந்தார். தோணிப் பலகையில் தட்டி மீனை வலைப்பக்கம் கலைப்பது அங்கே வழக்கம். "ஆரோ மீன் கலைக்கிறாங்க எண்டு நினைச்சன் தம்பி" என்று அவர் அன்று சொன்னது உண்மைதான். அவரில் குற்றமில்லை. அவரைக் கூப்பிட எனக்கு ஒரு சொல் போதும். நான் வாயைத் திறக்கவில்லை. பதிவு ஓடும்போது பேசுவதில்லை என்பது என் பழக்கம்.

பதினொரு நிமிடத்தில் தட்டு நின்றது. அந்த உருப்படியும் பதினொரு நிமிடம்தான். கொஞ்சம் நீளம் என்று றமீஸ் முறையிட்டான்.

அதன்பிறகு தண்ணீரில் குதித்து அவனை நான்தான் தூக்கினேன். சட்டை நனைந்திருந்ததால் எல்லோரும் என் முதுகில் தட்டி ஆறுதல் சொன்னார்கள். விபத்து என்று எழுதினார்கள்.

வெளியீட்டு விழா வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில். சொல்லே இல்லாத இறுவட்டைப் பற்றி ஒரு பேராசிரியர் நாற்பது நிமிடம் பேசினார். கடைசி உருப்படியை 'வாவியின் இதயத்துடிப்பு' என்றார். பிறகு அதைப் போட்டார்கள். டினோஷா முன்வரிசையில், சற்றுமுன் போர்த்திய பொன்னாடையோடு இருந்தாள். முதல் நாலு தட்டில் தலையை நிமிர்த்தினாள். அடுத்த நாலில் அவள் விரல் கதிரைக் கையில் தட்டியது. மூன்றாம் முறை அவள் விரல் ஒலிபெருக்கியை முந்தியது.

எழுந்து மேடைக்கு வந்தாள்.

"றோய் அண்ணன், இது ஊரி இல்ல. இது இவர் எங்கட கேற்றில தட்டுற தட்டு. நான் திறக்குமட்டும் தட்டுவார்."

நான் கையிலிருந்த இறுவட்டு உறையைப் புரட்டினேன்.

"வாயால ஒண்டும் சொல்லல்லயா அண்ணன், இவர்?"

இதுவும் நிகழ்ச்சியில் ஒரு அங்கம் என்று நினைத்துச் சபை கைதட்டியது.

அன்றிரவே என் வீட்டுக் கேற்றைக் கழற்றிவிட்டேன். பயம் என்று எழுத வேண்டாம், ஐயா. தகரத்தில் மழை சொட்டினால் எண்ணுகிறேன். பக்கத்து வீட்டில் தேங்காய் உடைத்தாலும் எண்ணுகிறேன். மூன்றோடு நின்றால் மூச்சு வருகிறது. நாலாவது விழுந்தால் நான் உள்ளே போக வேண்டும். எங்கே என்று எனக்குத் தெரியும். போகாவிட்டால் அவன் கோபப்பட மாட்டான். கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டுவான்.

நன்றி. பேனையை மூன்றோடு நிறுத்திவிட்டீர்கள்.

டினோஷாவுக்குச் சொல்லாத பதிலை உங்களுக்குச் சொல்கிறேன். சொன்னான். மூலப் பதிவு இந்தப் பைக்குள் இருக்கிறது. ஏழு இடத்தில் "றோய் அண்ணே." கடைசியாக ஓரிடத்தில் "டினோ." எட்டையும் அழித்து, அந்த எட்டு இடத்திலும் ஊரியை வைத்து ஒட்டினேன். ஆகவே உறையில் அச்சடித்ததும் முழுப் பொய்யல்ல. மூன்று நாள் வேலை. ஒட்டு எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் இறுவட்டில் மனிதக் குரல் கிடையாது. அது நான் தனியே எடுத்த முடிவில்லை, ஐயா. வாக்கெடுத்தோம். அன்ரோவும் கை உயர்த்தினான்.