தண்ணீரில் போட்டுப் பார்த்தது

உங்கள் ஏட்டய்யா கழுத்தில் கிடப்பது நல்ல கொட்டைதான், மேடம். ஜாவாப் பக்கமிருந்து வருவது. நேபாளத்துக் கொட்டை என்று சொல்லி விற்றிருப்பார்கள், அது இதைவிடப் பெரிதாக இருக்கும். பரவாயில்லை, போட்டுக்கொள்ளட்டும். மரத்தில் பழுக்கும்போது பழம் நல்ல நீலமாக இருக்குமாம். ஊறவைத்துச் சதையைத் தேய்த்து எடுத்தால் உள்ளே இருப்பதுதான் ருத்ராட்சம். கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் அது ஒரு பழத்துக் கொட்டை என்று யோசித்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

சிம்மக்கல்லில் சௌந்தரராஜன் அண்ணன் கடையில் மாலை கோக்கிறேன். மகள் பவதாரிணி வயிற்றில் இருந்தபோது சேர்ந்தது, இப்போது அவள் காலேஜ் போகிறாள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருப்போம். "அசல்தானாம்மா?" என்று கேட்கிறவர்களுக்குக் கொட்டையை அதில் போட்டுக் காட்டுவேன். மூழ்கினால் அசல், மிதந்தால் போலி. அவர்களும் முகம் மலர்ந்து வாங்கிப் போவார்கள்.

ஒருநாள் அண்ணனே சிரித்துக்கொண்டு சொன்னார். "இதெல்லாம் சும்மா முனீஸ்வரி. நல்லாக் காஞ்சுபோனா அசலும் மெதக்கும். போலிக்குள்ள ஈயத்தைத் திணிச்சா அதுவும் முங்கும். சனங்க நம்புறாங்க, நாம தண்ணி வைக்கிறோம்." அதற்குப் பிறகும் நான் கிண்ணத்தில் தண்ணீர் மாற்றாத நாள் கிடையாது.

நீங்கள் என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டியைப் பற்றித்தானே கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

அவர் காளவாசலில் லோடு வண்டி ஓட்டினார். குடிப்பார், அடிப்பார். ஊரில் இல்லாததா என்று நீங்கள் நினைக்கலாம், நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தத் தோள்பட்டை எலும்பு கொஞ்சம் மேடாக இருக்கிறது பாருங்கள், சரியாகக் கூடவில்லை. அதை நான் ஒரு குற்றமாகச் சொல்ல வரவில்லை. சொல்ல வந்தது மாலையைப் பற்றி.

மார்கழி பிறந்தால் பழனிக்கு மாலை போடுவார். கொட்டை பொறுக்கி, கோத்து, முடிச்சுப் போட்டுக் கொடுப்பது நான்தான். அது கழுத்தில் ஏறிவிட்டால் ஆள் வேறு. குடி கிடையாது, கறி கிடையாது, பாயில்கூடப் படுக்க மாட்டார். மாலை போட்டவர்கள் எல்லோரையும் சாமி என்று கூப்பிடுவார்கள் இல்லையா, என்னையும் அப்படித்தான். "சாமி, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பார். என்னை, குடுங்க என்று. தெருவில் அவரை ருத்ராட்சப் பூனை என்று கேலி பேசுவார்கள். அது தப்பு, மேடம். அவர் நடிக்கவில்லை. அந்த நாட்களில் நிஜமாகவே நல்லவராக இருந்தார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது.

தைப்பூசத்துக்கு நடந்துபோய்த் திரும்புவார். மறுநாள் இங்கே ஊர்க் கோயிலில் மாலையைக் கழற்றுவார். பொழுது சாய்வதற்குள் பழைய குருடி கதவைத் திறடிதான். அதுவரை சாமி என்று கூப்பிட்ட அதே வாய் என்னை என்னவெல்லாம் கூப்பிடும் என்பதை நீங்கள் எழுத வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் மார்கழியில் நான் நம்புவேன், தையில் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அடியைக்கூட வாங்கிவிடலாம், மேடம். திரும்பவும் உட்கார்ந்து நம்புகிறோமே, அது பெரிய அலுப்பு. அந்த அலுப்பை என்னால் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை.

இந்த வருஷம் பழனியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். காலெல்லாம் கொப்புளம். மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் மாலையைக் கழற்றுவது வழக்கம். சமயநல்லூரைத் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு, அங்கே படி வைத்த கிணறு. அவருக்கு நீச்சல் தெரியாது. கடைசிப் படியில் உட்கார்ந்து சொம்பில் மோந்துதான் ஊற்றிக்கொள்வார். துண்டு எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

குளித்து எழுந்தவர் மாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார். "இந்தத் தடவை கழட்டப் போறதில்ல சாமி. ஆயுசுக்கும் கெடக்கட்டும். ஒங்களை ரொம்பப் படுத்திட்டேன்."

எந்தப் பெண்ணும் சந்தோஷப்பட வேண்டிய பேச்சு. எனக்கு அந்த அலுப்புதான் வந்தது. இன்னும் எத்தனை வருஷத்துக்கு இந்த மனுஷனைக் காலையில் எழுந்து முகம் பார்த்து, இன்றைக்கு எப்படி, நாளைக்கு எப்படி என்று நம்பிக்கொண்டே இருப்பது? தெம்பு இல்லை, மேடம். துண்டை வாங்கக் கையை நீட்டினார். நான் தள்ளினேன்.

இரண்டு மூன்று தடவை மேலே வந்தார். அப்போதும் வாய் தவறவில்லை. "சாமி, கயிறு... சாமி" என்றார். மோட்டார் ரூமில் கயிறு இருந்தது, சுருட்டி வைத்ததே நான்தான். படியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் அடங்கியதும் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு லீவு போடவில்லை. ஆர்டர் நிறைய இருந்தது.

எங்கே என்று கேட்டவர்களிடம், மறுபடியும் பழனிக்கே நடந்து போய்விட்டார் என்றேன். அவர் இருந்த பக்திக்கு யாரும் சந்தேகப்படவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் தம்பி ஜெயபாண்டி தண்ணீர் பாய்ச்ச மோட்டார் போடப் போனவன்தான் பார்த்துவிட்டுக் கத்தினான். படி வழுக்கி விழுந்ததாக நீங்கள் எழுதி முடிக்கப் போனீர்கள். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்வதும் ஒரு வேலைதானே. எனக்கு ஏற்கெனவே நிறைய வேலை.

பவதாரிணி கிணற்றடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அப்பா நெசமாவே திருந்திட்டாரும்மா. வண்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருந்த பாட்டிலையெல்லாம் என் கண்ணு முன்னாடிதாம்மா ஒடைச்சாரு. அம்மாட்ட இப்பச் சொல்லாத, அது நம்பாதுன்னாரு."

பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. கடையில் அவள் உட்கார்ந்ததில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது, மேடம். ஒருவேளை இந்தத் தடவை மட்டும் அசலாக இருந்துவிட்டால் என்று. அதனால் மகளை விலக்கிவிட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். மாலை கழுத்தில் அப்படியே கிடந்தது. நான் போட்ட முடிச்சு ஒன்றுகூட விடவில்லை.

அவர் மிதந்துகொண்டுதான் இருந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.