மக்காச்சோளத் தக்கையை நாட்டின் தேவையாக்கிய வெர்னா ஹோஸ்டெட்லருக்கு

அயல்நாட்டு ஆய்வாளர்களின் அடைக்கலமே, அஞ்சி வந்தவரை அமரவைத்து ஆறவைத்து அனுப்பிய அன்பே, எங்கள் வெர்னா அவர்களே!

அடுக்குமொழி வேண்டாம் என்று நீங்கள் கையசைப்பது தெரிகிறது. கதவோர நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்ததும் தெரிகிறது. உங்கள் கோட்டை உங்கள் உதவியாளர் டுவேன் ஒளித்து வைத்திருக்கிறார். வெளியே பனி கொட்டுகிறது. ஆகவே கேளுங்கள்.

இன்று நீங்கள் ஓய்வு பெறும்வரை, முப்பது ஆண்டுகளாக, எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் குடியேற்ற மனுக்கள் உங்கள் மேசையில்தான் உருவாயின. 'இவர் ஆய்வால் மக்களுக்கு நன்மை. இவரை இந்த நாட்டிலேயே இருக்க விடுங்கள்' என்று அரசிடம் கேட்கும் மனு அது. கேட்க வேண்டியவர்களோ கூச்சக்காரர்கள். பன்றி நோய்க்குத் தடுப்பூசி கண்டவர், 'சிறு பங்களிப்பு' என்று எழுதிக்கொண்டு வருவார்.

"பன்னி செத்துச்சா, பொழச்சுச்சா?" என்பீர்கள்.

"பொழச்சுது. ஆனா..."

"ஆனாவ வெளிய வெச்சுட்டு வாங்க."

இந்த அறைக்கு வந்தவர்களிலேயே பெரிய 'ஆனா'வோடு வந்தவர் நோமின். மங்கோலியாவிலிருந்து வந்தவர். வயல் உரம் கிணற்றில் இறங்கி, குழந்தைகளுக்கு ஆகாத நைட்ரேட்டாகக் குடிநீரில் கலப்பதைத் தடுக்க, மக்காச்சோளத் தக்கை நிரப்பிய வடிகட்டிப் பெட்டி ஒன்றைச் செய்தவர். சோளக்காடான எங்கள் அயோவா மாநிலத்தில் தக்கைக்குப் பஞ்சமில்லை.

மனுவுக்கு வெளியூர்ப் பேராசிரியர் ஒருவரின் பரிந்துரை வேண்டும். அவருக்கு நேரமில்லை, 'நீயே எழுதி அனுப்பு, கையெழுத்துப் போடுகிறேன்' என்றார். இந்தத் துறையில் அது வழக்கம்தான். தன்னைத் தானே புகழ உட்கார்ந்த நோமினுக்குக் காது மடல் சிவந்தது. மூன்று வரி எழுதினார். பிறகு, ஆய்வுக் கட்டுரை எழுதிப் பழகிய கை தானாக அடுத்த தலைப்பைப் போட்டது: 'வரம்புகள்'. அதன் கீழே இரண்டு பக்கம். சோதித்த கிணறுகள் குறைவு. கடுங்குளிரில் வேலை செய்யுமா, தெரியாது. இதே வேலையை வேறொருவர் இன்னும் நன்றாகச் செய்யக்கூடும். பேராசிரியர் 'நேர்மையான கடிதம்' என்று மகிழ்ந்து கையெழுத்திட்டார்.

நீங்கள் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக விடுப்பில் இருந்தீர்கள். கடிதத்தைப் படிக்காமல் மனுவோடு சேர்த்து அனுப்பியவர் டுவேன். இதை இப்போது வாசிப்பவரும் அவரே. இந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள், டுவேன்.

அரசிடமிருந்து பதில் வந்தது. நோமின் எழுதிய வரம்புகளையே மரியாதையாகத் திருப்பிச் சொல்லி, கூடுதல் சான்று கேட்டிருந்தது. அந்தக் கோடையோடு அவர் இங்கே தங்கும் அனுமதி முடிகிறது. மனு தோற்றால் ஊருக்குப் போக வேண்டியதுதான். கிணறுகளில் வைத்த வடிகட்டிப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. நோமின் யாரிடமும் அழவில்லை. தன் பூந்தொட்டியைக் கொண்டுபோய் டுவேனிடம் கொடுத்தார்.

நீங்கள் ஊன்றுகோலோடு திரும்பி வந்து கடிதத்தைப் படித்தீர்கள்.

"யாரும்மா இதை எழுதினது, உன் எதிரியா?"

"நான்தான். வரம்பு சொல்லலைன்னா ஆய்வு முழுமையாகாது."

"நீயே வாசக்கதவைத் தொறந்து விட்டுட்டு, போகச் சொல்றாங்கன்னு வருத்தப்படறே."

"பொய் எழுத முடியாது, வெர்னா."

"யாரு பொய் எழுதச் சொன்னா? இந்தத் தண்ணிய யார் குடிக்கிறாங்க?"

"கிணறு 'அ', கிணறு 'ஆ'..."

"கிணறு குடிக்காதும்மா. வண்டில ஏறு."

கிணறு 'அ' விவசாயி டெல்பர்ட் வீட்டுடையது. சமையலறையில் அவரும் அவர் மனைவி ஆர்லீனும் இருந்தார்கள். தண்ணீர் எப்படி என்று கேட்டீர்கள். டெல்பர்ட் நெடுநேரம் யோசித்தார்.

"பரவாயில்ல."

நோமினின் முகம் வாடியது. நீங்கள் அவர் பக்கம் சாய்ந்து, "இந்த ஊர்ல அது பதக்கம் குத்தி விடற மாதிரி. அவரு கல்யாண நாளன்னிக்கே அதைத்தான் சொன்னாரு" என்றீர்கள். "ஆனா நம்ம மனுவப் பாக்குற அதிகாரி இந்த ஊர் இல்லையே."

"என்ன பரவாயில்ல?" என்று ஆர்லீன் கணவரைப் பிடித்துக்கொண்டார். "பேத்தி பொறந்ததுலேருந்து மருமக கடைத் தண்ணியா வாங்கிட்டு வந்தா. இந்தப் பொண்ணு பெட்டி வெச்சு, தண்ணிய சோதிச்சு சரின்னு சொன்ன பெறகு, கொழாத்தண்ணியிலதான் கொழந்தைக்குப் பால்பொடி கரைக்கறா. காலிக் கேனெல்லாம் கொட்டில்ல கெடக்கு. இந்த மனுசன் ஒண்ணையும் தூக்கிப் போட மாட்டாரு."

"கொட்டிலக் காட்டுங்க" என்று எழுந்தீர்கள்.

கூடுதல் சான்றாக, பேராசிரியர் மறுபடி கையெழுத்திட்ட புதிய கடிதத்தோடு, மலைபோல் குவிந்த கேன்களின் படமும், மருமகளின் கடிதமும், சோதனை முடிவுகளும் போயின. வரம்புகளை எடுக்க நோமின் கடைசிவரை சம்மதிக்கவில்லை. நீங்களும் எடுக்கவில்லை, இரண்டு பக்கத்தை இரண்டே வரியாக்கினீர்கள்: 'இதை இன்னும் பல கிணறுகளில், கடுங்குளிரிலும் சோதிக்க வேண்டும். அதற்கு இவர் இங்கே இருக்க வேண்டும்.'

இருக்கிறார். மூன்றாவது வரிசையில், தலையைக் குனிந்துகொண்டு. பூந்தொட்டி மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. டுவேனின் பராமரிப்பில் அதற்குள் பட்டுப்போயிருந்தது.

நோமினின் வேண்டுகோளுக்கிணங்க, இம்மடலின் வரம்புகளையும் சொல்லிவிடுகிறோம். உங்கள் காபியைப் பற்றி நல்லதாகச் சொல்ல எங்களிடம் சான்று இல்லை. நாளை உங்கள் நாற்காலிக்கு வருபவர் பன்றி பிழைத்ததா என்று கேட்பாரா, தெரியாது. நீங்கள் இல்லாமல் இந்த அறை நடக்குமா என்பதற்கு, உங்கள் முழங்கால் விடுப்பு ஒன்றே எங்களிடம் உள்ள தரவு. அதன் முடிவை மேலே கூறியுள்ளோம்.

இனி முழங்கால் நோகாமல், யாருடைய மனுவும் கனவில் வராமல், நீங்கள் நெடுங்காலம் நலமாக இருப்பீர்கள். 'இருக்கக்கூடும்' என்றுதான் முதலில் எழுதியிருந்தது. நோமினே அதை அடித்தார்.

கோட்டு கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. எடுத்துக்கொள்வதற்கு முன் இந்த ஊர் முறைப்படி ஒன்று சொல்லிக்கொள்கிறோம்.

உங்கள் வேலை பரவாயில்லை, வெர்னா.

உங்களால் இங்கே இருப்பவர்களும்,
உங்களோடு இங்கே இருந்தவர்களும்,
பல்கலைக்கழக வெளிநாட்டு ஆய்வாளர் அலுவலகம்