9.81-க்கு இணங்காத கார்மென் டீச்சருக்கு

ஊசல் ஆடியபோதும் உள்ளம் ஆடாதவரே! கருவி காட்டியதைக் கண்டவாறே எழுதக் கற்பித்தவரே! சிலிம் ரிவர் தோட்டத்தில் பிறந்து, புந்தோங்கில் குடியேறி, லகாட் பக்கத்து எங்கள் பள்ளியின் இயற்பியல் கூடத்தில் இளமையையும் அதற்குப் பின் வந்ததையும் செலவிட்டு, அறுபதாம் அகவையில் இன்று பணி ஓய்வு பெறும் பெருமதிப்பிற்குரிய திருமதி கார்மென் அலெக்சாண்டர் அவர்களே! உடன் உழைத்து உடன் களைத்த ஆசிரியர்களின் வணக்கம்.

இம்மடலின் முதல் வரைவில் வேதியியல் ஆசிரியர் பவித்ரன் தங்களை "இமயமே" என்று விளித்திருந்தார். கணித ஆசிரியை ஷாமினி அதை அடித்துவிட்டார். "அளந்து பாக்காததை எழுதுனா டீச்சர் ஏசுவாங்க லா," என்றார். ஆகவே இனி வரும் புகழ்ச்சி எங்களால் அளக்க முடிந்தது மட்டுமே.

தாங்கள் வருவதற்கு முன்பும், வந்த பின்பு பல ஆண்டுகளும், நம் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனையில், மாணவர்கள் புத்தகத்திலுள்ள 9.81-ஐ முதலில் விடையாக எழுதுவார்கள். அதற்கேற்ற அளவுகளைப் பின்னால் நிரப்புவார்கள். மழை பெய்தாலும், மின்விசிறி சுழன்றாலும், நூலே அறுந்தாலும் விடை மாறாது. நாங்களும் சரி போட்டுவிட்டு நேரத்தோடு வீடு போய்ச் சேர்ந்தோம்.

ஒரு கட்டத்தில் தங்களுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும் விரல் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று கண்டு, ஊசல் கடக்கும் கணத்தை ஒளிக்கற்றையால் உணரும் சென்சரைக் கேட்டுக் கேட்டு வாங்கினீர்கள். அதையும் உடனே நம்பிவிடாமல், கைப்பேசியில் மெதுவாக ஓடும் காணொளி எடுத்து ஒப்பிட்டீர்கள். ஊசலின் தாங்கி ஆடாதிருக்க அதைச் சன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினீர்கள். நூலின் நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்காமல் மேல்விளிம்போடு நிறுத்தியவர்களைக் கணினி வரைந்த வரைபடக் கோடே காட்டிக்கொடுத்தது. கொளுத்தும் வெயிலில் மின்விசிறியை நிறுத்தியதற்காக எங்களிடம் தாங்கள் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. பாடம் தொடங்கும் வேளை பார்த்துத்தான் மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். சென்சர் பெட்டிக்குள் எறும்பு குடியேறும். இத்தனைக்கும் பிறகு வந்த விடை 9.78. மறுநாளும் அதுவே.

"மெஷின் ரோசாக் லா, டீச்சர். கெட்டுப்போச்சு, திருப்பி அனுப்பிருவோம்," என்றார் ஆய்வுக்கூட உதவியாளர் சீனி அண்ணன்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு, சீனி. பூமிதான் இங்க கொஞ்சம் கம்மியா இழுக்குது," என்றீர்கள்.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நம் பேராக் மாநிலத்தில் ஈர்ப்பு அவ்வளவுதான் என்பதும், புத்தகத்தின் எண் தொலைவிலுள்ள குளிர்நாடுகளுக்குப் பொருந்துவது என்பதும் நாங்களும் படித்தவைதான். படித்ததை நம் கூடத்து ஊசலோடு சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றியதில்லை.

ஈப்போவில் நடந்த அறிவியல் போட்டிக்கு நம் மாணவி துளசியின் குழு அந்த 9.78-ஐத்தான் கொண்டுசென்றது. விளக்கம் கேட்க நடுவர்களுக்கு நேரமில்லை. பிழை என்று குறித்துவிட்டார்கள். மாநிலச் சுற்று கைநழுவியது. திரும்பும் வேனில் துளசி அழுதுகொண்டே, "9.81-னு போட்டிருந்தா ஜெயிச்சிருப்போம்லா, டீச்சர்," என்றாள். "ஆமாம்மா, ஜெயிச்சிருப்போம்," என்றீர்கள். ஆறுதலுக்காகக்கூட அதை மாற்றிச் சொல்லவில்லை. அன்று தங்கள் முகத்தில் படிந்த அயர்வு பிறகு முழுதாக நீங்கியதை நாங்கள் பார்க்கவில்லை. ஆனாலும் மறுவாரம் எறும்பைத் தட்டிவிட்டுப் பெட்டியைத் திறந்தீர்கள்.

தங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. பவித்ரன்தான் இரண்டு பாடங்களையும் சுமக்கப் போகிறார். பாடம், விடுப்பில் இருப்பவருக்குப் பதிலிப் பாடம், இணையத்தில் ஏற்றவேண்டிய அறிக்கை என்று எங்கள் நாளும் முதுகை ஒடிக்கிறது. 9.81 என்று எழுதவிட்டு, சரி போட்டுவிட்டுப் போகும் ஆசை எங்களுக்கு இல்லாமல் இல்லை. தங்களிடம் அதை மறைத்து என்ன பயன்? நேற்றுக் கூடத்துச் சாவியைக் கொடுத்தபோது தாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "வந்ததைத்தானே எழுதுவீங்க?" நாங்கள் சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு ஓடிவிட்டோம்.

அம்மையீர்! நல்ல உறக்கமும், நோயற்ற உடலும், மின்விசிறியை யாருக்காகவும் நிறுத்த வேண்டாத நண்பகல்களும் தங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும். புந்தோங் வீட்டில் தேநீர் ஆறுவதற்குள் குடித்து முடிக்கும் அளவுக்கு ஓய்வு கிடைக்கட்டும். அந்த ஓய்வு தங்களுக்கு எப்போதோ வந்திருக்க வேண்டியது.

நேற்றைய கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். இன்று காலை ஐந்தாம் படிவ மாணவர்கள், தாங்கள் அருகில் இல்லாமல் முதன்முறையாக, அந்தச் சோதனையைச் செய்தார்கள். 9.74 என்று வந்தது. எங்கே தவறியது என்று தெரியவில்லை. பாடம் முடிந்து மணியும் அடித்துவிட்டது; பவித்ரனின் கையில் அழிப்பான் இருந்தது. அதை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். 9.74 இன்னும் வெண்பலகையில் இருக்கிறது. திங்கட்கிழமை மறுபடியும் அளப்போம்.

களைப்போடும் குறையாத அன்போடும்,
தங்கள் உடன்பணி ஆசிரியர்கள், ஆய்வுக்கூடத்துச் சீனி